காலி அலைக்கற்றையும் காற்றில் வரும் மின்சாரமும்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனத்துக்கு நெடுஞ்சாலையில் போகும் கார், மொரட்டாண்டி சுங்கச்சாவடியில் ஓரிரு நொடி மட்டுமே தயங்குகிறது. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் வில்லை தன் எண்ணைச் சொல்ல, தடுப்புக் கம்பு மேலே போகிறது. அந்த வில்லைக்குள் பேட்டரி இல்லை. காரின் மின்சாரத்தோடும் அதற்குத் தொடர்பில்லை. மேலே பொருத்தியிருக்கும் வாசிப்புக் கருவி 865 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அனுப்பும் ரேடியோ அலையைப் பிடித்து, அதையே மின்சாரமாக்கித் தன் சில்லை இயக்குகிறது. பதில் சொல்லவும் தனியாக அலை உண்டாக்குவதில்லை. வந்த அலையைக் கூட்டியும் குறைத்தும் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானபோது, ரேடியோ ஆற்றலை அறுவடை செய்யும் கருவி நம் அன்றாடத்துக்குள் வந்து சேர்ந்தது.

ஆராய்ச்சியாளர்கள் இதற்கு அடுத்த படியைக் கேட்கிறார்கள். சுங்கச்சாவடியில் வில்லைக்கென்றே ஒரு கருவி அலை அனுப்புகிறது. அப்படி யாரும் தனியாக அனுப்பாமல், செல்போன் கோபுரமும் வானொலியும் தங்கள் வேலைக்காக அனுப்பும் அலைகளிலிருந்தே ஒரு சிறு கருவி மின்சாரம் எடுத்துக்கொள்ள முடியுமா? அந்த மின்சாரத்தைக் கொண்டு, அதே உரிமதாரர்களின் அலைக்கற்றையில் அவர்கள் பேசாத இடைவெளியில் தன் செய்தியை அனுப்ப முடியுமா? மின்சாரம், அலைக்கற்றை என்ற இரண்டு பற்றாக்குறைக்கும் ஒரே ஊற்றில் விடை தேடுகிறது இந்தக் கேள்வி. பதினைந்து ஆண்டுகளாக இதன்மேல் ஏராளமான ஆய்வுகள் வந்திருக்கின்றன. புதுச்சேரியின் சாரம் மாதிரி வீடும் கடையும் மொட்டைமாடி டவரும் நெருங்கிக் கிடக்கும் ஒரு பகுதியில் வாழ்கிறவனுக்கு, தலைக்கு மேல் இத்தனை அலை ஓடும்போது அதில் ஒரு துளியாவது பயன்படாதா என்று தோன்றுவது இயல்பு. எவ்வளவு பயன்படும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்ல வேண்டும்.

அலைக்கற்றையில் இருந்து தொடங்குவோம். ஒரு நிறுவனம் ஏலத்தில் எடுத்த அலைவரிசை அதற்கு மட்டுமே உரியது. 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் இந்திய அலைக்கற்றை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்குப் போனது. அந்த விலை கொடுத்து வாங்கியதும் எல்லா ஊரிலும் எல்லா நேரமும் பயன்படுவதில்லை. நள்ளிரவில் ஓய்ந்து கிடக்கும், கடலோரக் கிராமத்தில் தொடப்படாமலே கிடக்கும். 1999-இல் ஜோசப் மிட்டோலாவும் ஜெரால்ட் மக்வயரும் முன்வைத்த காக்னிட்டிவ் ரேடியோ என்ற யோசனை இந்த இடைவெளியைப் பற்றியது. கருவி முதலில் காது கொடுத்துக் கேட்கும். உரிமதாரர் பேசாவிட்டால் தான் பேசும், அவர் வந்ததும் விலகிக்கொள்ளும். ஏரிப் பாசனத்தில் மேல்மடைக்காரர் பாய்ச்சி முடித்த பிறகு முறை வைத்துக் கடைமடைக்காரர் தண்ணீர் எடுப்பதைப் போன்ற ஏற்பாடு இது. 2005-இல் சைமன் ஹேக்கின் எழுதிய கட்டுரை இதை ஒரு தனித் துறையாகவே ஆக்கியது. அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை கடற்படை ராடாரும் வணிக நிறுவனங்களும் பொதுமக்களும் மூன்று அடுக்காகப் பகிர்ந்துகொள்ளும் முறை 2020 முதல் முழு வணிக நடைமுறையில் இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு மிக நல்ல இடமாக இருந்தது தொலைக்காட்சி அலைவரிசை. மும்பை ஐ.ஐ.டி.யில் அபய் கரந்திகரும் அவரது குழுவினரும் 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பதினைந்து தடங்களை நாடு முழுவதற்கும் கணக்கிட்டு, ஏறக்குறைய எல்லா இடங்களிலும் குறைந்தது பன்னிரண்டு தடங்கள் காலி என்று 2014-இல் காட்டினார்கள். தரைவழி ஒளிபரப்பில் தூர்தர்ஷன் ஒன்றே இருந்தது இதற்குக் காரணம். மகாராஷ்டிரத்தின் பால்கர் பகுதிக் கிராமங்களுக்கு அந்தத் தடங்கள் வழியே இணையம் கொண்டுபோய்ப் பார்த்ததும் அவர்கள்தான். பின்னர் தூர்தர்ஷனும் தன் பழைய அனலாக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது.

ஆற்றல் பக்கம் வந்தால் கதை இன்னும் பழையது. 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் சுவர்களைத் தாண்டி அலை அனுப்பி, மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு அலையைக் கண்டறியும் கருவிக்கு அவர் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இன்று ரேடியோ அலையை நேர்மின்சாரமாக மாற்றும் டையோடு அந்தப் படிகத்தின் வழித்தோன்றல். போஸின் படிகத்தைத் தொடர்ந்து வந்த படிக வானொலிப் பெட்டிகளுக்குப் பேட்டரி தேவைப்படவில்லை. நிலையத்திலிருந்து வந்த அலையின் ஆற்றலே காதுக் கருவியில் பாட்டாக ஒலித்தது. 1964-இல் ரேதியோன் நிறுவனத்தின் வில்லியம் பிரவுன் நுண்ணலை மின்சாரத்தால் ஒரு சிறு ஹெலிகாப்டரை மிதக்க வைத்தார். 1975-இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்கு அலையாகவே அனுப்பி 30 கிலோவாட்டுக்கு மேல் திரும்பப் பெற்றார்கள். ஆக, அலையை மின்சாரமாக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. பிரவுனின் பரிசோதனையிலும் கோல்ட்ஸ்டோனிலும் அலை ஒரே திசையில் குவித்து அனுப்பப்பட்டது. ஊரில் நாலா திசையும் சிதறி ஓடும் அலையில் எவ்வளவு தேறும் என்பதே நம் கேள்வி.

2013-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த பின்யுவேலா, மிட்சசன், லூசிசின் மூவரும் லண்டனின் 270 சுரங்க ரயில் நிலையங்களின் வாசல்களில் அளந்து வெளியிட்ட முடிவு இதில் அடிக்கல் போன்றது. செல்போன் கோபுரங்களின் 1800 மெகாஹெர்ட்ஸ் அலையில் சராசரியாகச் சதுர சென்டிமீட்டருக்கு 84 நானோவாட் இருந்தது. 900-இல் 36 நானோவாட். டிஜிட்டல் தொலைக்காட்சியில் ஒரு நானோவாட்டுக்கும் குறைவு. வைஃபையில் 0.18. 1800 மெகாஹெர்ட்ஸுக்குப் பொருத்தமான எளிய ஆன்டெனா சுமார் 36 சதுர சென்டிமீட்டர் பரப்பின் அலையை அள்ளும். அப்படியானால் உள்ளே வருவது மூன்று மைக்ரோவாட். டையோடு இவ்வளவு மெல்லிய அலையைக் கண்டால் நன்றாக வேலை செய்யாது. வலு குறையக் குறைய அதன் மாற்றுத்திறனும் சரிந்துகொண்டே போகும். எல்லா இழப்பும் போகக் கையில் ஒரு மைக்ரோவாட் மிஞ்சினாலே நல்ல பொறியியல் என்று சொல்வேன்.

ஒரு மைக்ரோவாட்டைக் கொண்டு என்ன செய்யலாம்? சாதாரண செல்போன் பேட்டரியை நிரப்ப 1,700 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே சார்ஜரே தேவைப்படாத போன் என்ற பேச்சை இங்கேயே விட்டுவிடலாம். ஆனால் புளூடூத் முறையில் ஒரு சிறு அறிவிப்பை அனுப்ப ஏறத்தாழ 50 மைக்ரோஜூல் போதும். ஒரு நிமிடத்துக்குள் சேர்ந்துவிடும். சில கிலோமீட்டர் போகக்கூடிய லோரா செய்தி ஒன்றுக்கு ஆறு ஏழு மில்லிஜூல் ஆகும். அதற்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் ஆற்றலைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கியிலிருந்து கசிவது, சேர்வதைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அடுத்த தலைவலி. இதே 36 சதுர சென்டிமீட்டரில் ஒரு சூரியத் தகட்டை வைத்தால் புதுச்சேரியின் நண்பகல் வெயிலில் முக்கால் வாட் பக்கம் கிடைக்கும். ஏறக்குறைய ஏழு லட்சம் மடங்கு. வெயில் படும் இடத்தில் அலை அறுவடைக்கு வேலையே இல்லை. வெயில் எட்டாத, பேட்டரியை மாற்றக் கை நுழையாத இடங்களுக்கே இந்த முறை உரியது. இதை ஆய்வுகளின் முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தால் பலருடைய உழைப்பு சரியான திசையில் போயிருக்கும்.

கோபுரங்களின் வலுவைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். கூடாது என்பதற்குச் சட்டம் இருக்கிறது. கோபுரக் கதிர்வீச்சுக்கான சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கை இந்தியா 2012 செப்டம்பர் முதல் தன் வரம்பாக வகுத்தது. 900 மெகாஹெர்ட்ஸில் அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். லண்டனில் அளந்ததைவிட இது ஆயிரம் மடங்குக்கும் அதிகம். அந்த உச்ச வரம்பில் நின்று அள்ளினாலும் எளிய ஆன்டெனாவுக்கு ஆறரை மில்லிவாட்தான் வரும். நாம் குடியிருக்கும் தெருவில் அந்த வரம்பை எட்டுகிற அலை இருக்க வேண்டும் என்று விரும்பவும் முடியாது. டவர் வேண்டாம் என்று குடியிருப்போர் மனுக் கொடுக்கும் ஊர்களில், கருவிக்குத் தீனி போட அலையைக் கூட்டுங்கள் என்று எந்தப் பொறியாளரும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

இனி இரண்டையும் சேர்த்த கணிதம். ஒரே அலையில் செய்தியும் ஆற்றலும் போக முடியுமா என்பதை 2008-இல் லவ் வர்ஷ்னி தகவல் கோட்பாட்டின் மொழியில் எழுதினார். பெறும் கருவி ஒரே துளி அலையை முழுதாகக் கேட்கவும் முழுதாக மின்சாரமாக்கவும் முடியாது என்பதால், நேரத்தைப் பிரித்துக்கொள்வது, வலுவைப் பிரித்துக்கொள்வது என்ற இரண்டு வழிகளை 2013-இல் ருய் ஜாங்கும் சின் கியோங் ஹோவும் வகுத்தார்கள். அதே ஆண்டில் சுங்ஹியுன் லீ, ருய் ஜாங், கைபின் ஹுவாங் மூவரும் எழுதிய கட்டுரையே நம் கேள்வியின் மையம். அவர்கள் ஒவ்வொரு உரிமதாரரைச் சுற்றியும் இரண்டு வட்டம் போட்டார்கள். உள்வட்டத்தில் அலை வலுவாக இருக்கும், அங்கே கருவி ஆற்றலைச் சேர்த்துக்கொள்ளலாம். வெளிவட்டம் காவல் எல்லை. அதற்குள் கருவி வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் உரிமதாரரின் பேச்சைக் கெடுக்கும்.

கட்டுரை அழகானது. அந்த இரண்டு வட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல் வெளியே தெரிகிறது. உண்ணத் தகுந்த இடம் பேசத் தகாத இடத்துக்குள்ளேயே இருக்கிறது. உள்வட்டத்தில் சேமித்த கருவி வெளிவட்டத்தைத் தாண்டிப் போய்த்தான் பேச முடியும். கையோடு நடமாடும் கருவிக்கு அது பொருந்தும். சுவரில் பதித்த உணரி நடக்காது. அது கோபுரத்தருகே இருந்தால் நிறையச் சேர்த்துவிட்டு ஊமையாகக் கிடக்கும், தொலைவில் இருந்தால் பேச அனுமதியோடு பட்டினி கிடக்கும். தொலைக்காட்சி அலைவரிசையில் இதுவே வேறு வடிவத்தில் நடந்தது. 2009-இல் சியாட்டிலில் அலன்சன் சாம்பிளும் ஜோஷுவா ஸ்மித்தும் 4.1 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு தொலைக்காட்சிக் கோபுரத்திலிருந்து 60 மைக்ரோவாட் எடுத்து ஒரு வெப்பமானியை ஓட்டினார்கள். அந்தக் கோபுரத்தின் கதிர்வீச்சு வலு 960 கிலோவாட். நம்மிடமோ அந்த அலைவரிசை காலி. பகிர்ந்து பேச அருமையான இடம், உண்ண அங்கே எதுவும் இல்லை. அலைக்கற்றை காலியாக இருக்கும் இடத்தில் ஆற்றல் இருக்காது, ஆற்றல் இருக்கும் இடத்தில் அலைக்கற்றை காலியாக இருக்காது. படித்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் வந்து நிற்கும் இடம் இது.

இதிலிருந்து வெளியே வர ஒரு வழி நேரத்தைப் பிரிப்பது. உரிமதாரர் பேசும்போது சேமி, ஓய்ந்தபோது பேசு. 2014-இல் ஹோவாங், நியாட்டோ குழுவினர் எந்தத் தடத்தில் சேமிப்பது, எதில் பேசுவது என்று கருவி தானே கற்றுக்கொள்ளும் முறையை எழுதினார்கள். அதன் பின் வந்த கற்றல் முறைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு மைக்ரோவாட்டில் வாழும் கருவி எந்த ஆற்றலைக் கொண்டு கற்கும்? கேட்பதற்கே செலவு உண்டு. தொலைக்காட்சி அலைவரிசையைப் பகிரும் கருவி எவ்வளவு மெல்லிய அலையையும் கண்டுபிடிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2008-இல் விதித்த அளவை, இன்றைய ஃபாஸ்டேக் போன்ற சில்லு விழிக்கத் தேவையான 10 மைக்ரோவாட்டோடு ஒப்பிட்டால் இடையில் 250 கோடி மடங்கு இடைவெளி. அவ்வளவு நுட்பமாகக் கேட்கும் பெறுவி மில்லிவாட் கணக்கில் மின்சாரம் குடிக்கும். அந்த ஆணையமே 2010-இல் கேட்டறியும் கட்டாயத்தைத் தளர்த்தி, எந்த இடத்தில் எந்தத் தடம் காலி என்ற தரவுத்தளத்தைப் பார்த்து இயங்கலாம் என்றது. சரியான முடிவு. அறிவு கோபுரத்திலும் தரவுத்தளத்திலும் இருக்கட்டும். சுவருக்குள் இருக்கும் கருவிக்குக் கட்டளை மட்டும் போதும்.

டெல்லி ஐ.ஐ.டி.யின் சுவதேஸ் தே, தீபக் மிஸ்ரா உள்ளிட்டோர் 2015-இல் எழுதிய மதிப்பாய்வு இந்தத் துறையின் நடைமுறைத் தடைகளை ஒளிக்காமல் வரிசைப்படுத்தியது. இதே நேர்மை பல கணிதக் கட்டுரைகளில் இல்லை. டையோடின் மாற்றுத்திறன் எப்போதும் ஒரே அளவு என்று எடுத்துக்கொண்டு கணினியில் வரைந்த கோடுகள் ஏராளம். எலினா பொஷ்கோவ்ஸ்கா குழுவினர் 2015-இல் நேர்கோடு அல்லாத மாதிரியைக் கொடுத்த பிறகே அந்தக் கோடுகள் கொஞ்சம் தரைக்கு இறங்கின. நம் பொறியியல் கல்லூரிகளில் இந்தத் தலைப்பை எடுக்கும் மாணவர்கள் ஒரு டையோடும் செப்புத் தகடும் வாங்கி, ஒரு மைக்ரோவாட்டைக் கண்ணால் அளந்துவிட்டு அப்புறம் கணினிக்குப் போகலாம்.

இன்னொரு வழி, தானாக அலை உண்டாக்குவதையே விட்டுவிடுவது. சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்த ஷியாம் கொல்லகோட்டாவும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துச் சகாக்களும் 2013-இல் இதைச் செய்து காட்டினார்கள். இரண்டு அட்டைகள். பேட்டரி இல்லை. தொலைக்காட்சிக் கோபுரத்தின் அலையிலிருந்து மின்சாரம் எடுத்து, அந்த அலையையே பிரதிபலித்தும் பிரதிபலிக்காமலும் ஒன்றோடொன்று பேசின. வெளியில் இரண்டரை அடி இடைவெளியில் நொடிக்கு ஒரு கிலோபிட். சிறிய எண்தான், ஆனால் இங்கே பேசுவதற்கான செலவு ஆயிரம் மடங்கு இறங்கிவிடுகிறது. உண்ணும் இடமும் பேசும் இடமும் ஒன்றாகவே இருக்கலாம் என்பதால் இரண்டு வட்டச் சிக்கலும் தளர்கிறது. செல்போன் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் கூட்டமைப்பான 3ஜிபிபி தன் பத்தொன்பதாம் பதிப்பில் இத்தகைய கருவிகளுக்கென்று தரம் வகுத்திருக்கிறது. அதில் மிக எளிய வகைக்கு உச்சச் செலவே ஒரு மைக்ரோவாட் அளவு.

எதிர்காலம் அறுவடைக்குச் சாதகமாக மட்டும் நகரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய 2ஜி, 4ஜி கோபுரங்கள் ஆள் இல்லாவிட்டாலும் ஓயாமல் அடையாள அலை அனுப்பும். 5ஜி அப்படி வடிவமைக்கப்படவில்லை. பேச ஆள் இல்லாதபோது பெரும்பாலும் அடங்கியிருக்கும், ஆள் இருக்கும் திசைக்கே அலையைக் குவிக்கும். மின்சாரச் சிக்கனத்துக்கு அது நல்லது. அதன் சிதறலை நம்பியிருக்கும் கருவிக்கு அது பஞ்சம். ஆகவே சிதறலை நம்பாமல், வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் ஊட்டும் அலை ஒன்றைத் திட்டமிட்டு வைப்பதே வழி. அப்படி வைப்பது யார் என்பது சட்டக் கேள்வி.

இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005 முதலே உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், கதிர்வீச்சு வலு 4 வாட் வரை. ஃபாஸ்டேக் நிற்பது இந்த அனுமதியின் மேல்தான். ஐந்து மீட்டரில் தடையில்லாத வெளியில் இது எளிய ஆன்டெனாவுக்கு முந்நூறு மைக்ரோவாட் கொடுக்கும், லண்டன் தெருவைவிட நூறு மடங்கு. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம் ஒருபடி மேலே போய், ஒருவருக்கு ஒதுக்கிய அலைக்கற்றையின் பகுதியை அவருக்கு இடையூறில்லாமல் இன்னொருவருக்கும் இரண்டாம் நிலையில் ஒதுக்க வழி செய்திருக்கிறது. இதற்கான விதிகளில் இரண்டு விஷயங்கள் இடம்பெற வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். உரிமதாரரின் அலையைப் பிரதிபலிக்க மட்டுமே செய்யும் கருவி அலை பரப்பும் கருவியாகக் கருதப்படுமா என்பது தெளிவாக எழுதப்பட வேண்டும். கோபுரம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் கருவிகளுக்கு ஆற்றல் ஊட்ட மட்டும் ஒரு மெல்லிய அலையை விட உரிமதாரர் முன்வந்தால், அதற்கு ஊக்கம் இருக்க வேண்டும். புதுச்சேரிக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. புதுச்சேரி நகரம் தமிழ்நாட்டு உரிமப் பகுதியில் இருக்கிறது, ஏனாம் ஆந்திர உரிமப் பகுதியில். ஒரே அரசு தன் கட்டடங்களில் ஒரே வகைக் கருவியைப் பொருத்தினாலும் வேறு வேறு உரிமதாரர்களோடு பேச வேண்டி வரும்.

எந்தக் கட்டடங்கள்? கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் பழைய தோற்றத்திலேயே கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. இந்த ஊர்ப் பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் கொண்ட சுவர்கள், அவற்றின் மேல் உப்புக் காற்று, வடகிழக்குப் பருவமழை. அந்தச் சுவர்களில் ஈரம் உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வெளியே நின்று பார்த்துச் சொல்ல முடியாது. சூரியத் தகடு சுவருக்குள் வேலை செய்யாது. பேட்டரியை உள்ளே வைத்துப் பூசிவிட்டால் மாற்ற முடியாது. ஈரத்தை உணரும் பேட்டரியற்ற வில்லைகள் ஏற்கெனவே இருக்கின்றன. கார்த் தொழிற்சாலைகளில் மழைநீர்க் கசிவைக் கண்டுபிடிக்க அவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவற்றைச் சுவருக்குள் பதித்து, மாதம் ஒருமுறை ஒருவர் கையில் வாசிப்புக் கருவியோடு நடந்து வந்தாலே போதும். நனைந்த சுவர் அலையை உறிஞ்சும் என்பதால் எவ்வளவு ஆழத்தில் பதிப்பது, எத்தனை அடி தள்ளி நின்று படிப்பது என்பதை இந்த ஊர்ச் சுண்ணாம்பிலேயே சோதித்து அறிய வேண்டும். பிள்ளைச்சாவடியில் உள்ள புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறைக்கு இது ஓராண்டு வேலை. பொதுப்பணித் துறையும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கும் புதுப்பிக்கும் கட்டடங்களில் பழைய பூச்சை உரித்துப் புதிதாகப் பூசுவதற்கு முன் சில வாரங்கள் செங்கல் வெளியே தெரியும். வில்லைகளைப் பதிக்க அந்தச் சில வாரங்கள்தான் கிடைக்கும், அடுத்த வாய்ப்பு வர முப்பது நாற்பது ஆண்டுகள் ஆகும்.